என் கைக்கு ஒரு கத்தி

என் வலது மணிக்கட்டு முறிந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு நல்ல கத்தி ஒன்று தேவை என்பது என் கணவருக்குத் தெரியவந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. முழங்கை வரைக்கும் பிளாஸ்ரர் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். தொடர்மாடியின் மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்த கணவர், "சமையலை நான் பாக்கிறன். நீர் இருந்து சொன்னாப் போதும்" என்றார். தேநீரையும் முட்டைப்பொரியலையும் தவிர வேறெதுவும் அவர் கையால் செய்து நான் கண்டதில்லை. ஆனாலும் கேட்க மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி மறுநாள் மத்தியானம் வரைக்கும் இருந்தது.

மறுநாள் பூசணிக்காய் வெட்டப் போனார். கத்தி பாதியில் இறுகி நின்றுவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. பூசணிக்காயையும் கத்தியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நான் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இஞ்சரும், என்ன கத்தி இது? இதால மனுசர் எப்பிடி வெட்டுறது?"

 மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து அந்தக் கத்தியால்தான் நான் வெட்டிக்கொண்டிருந்தேன். பிடியின் ஒரு பக்கம் அடுப்பில் பட்டு உருகிப்போயிருந்தது. தகடு வளைந்து ஆடும். தக்காளித் தோலில் அது இறங்காமல் வழுக்க, எத்தனையோ தடவை என் பெருவிரலில் இறங்கியிருக்கிறது. நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் "வெட்டுதுதானே" என்பார். சில நாட்களில் எழுந்து வந்து, தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தில் இரண்டு தரம் தீட்டித் தருவார். அத்தோடு கதை முடியும்.

இப்போது அவருடைய கை நொந்தது. கதை தொடங்கியது.

அன்று பின்னேரம் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு கைத்தொலைபேசியில் கத்தி வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தார். ஜப்பான்காரர் ஒருவர் காகிதத்தைக் காற்றில் வைத்து வெட்டினார். ஜேர்மன்காரர் ஒருவர் வெள்ளரிக்காயை மின்விசிறி வேகத்தில் நறுக்கினார். இரவுச் சாப்பாட்டுக்குக் கடையில் இடியப்பம் எடுப்பித்தோம். சாப்பிடும்போது உருக்கின் கடினம் பற்றி எனக்கு விளங்கப்படுத்தினார். கடினமான உருக்குக்குக் கூர் நெடுநாள் நிற்குமாம், ஆனால் உடையுமாம். மிருதுவான உருக்கு மழுங்குமாம், ஆனால் தீட்டச் சுகமாம். இடது கையால் இடியப்பத்தைப் பிசைய முடியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

"வெட்டின கத்தியைக் கழுவி உடன துடைச்சு வைக்க வேணும். அது தெரியுமோ உமக்கு?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

"இல்லை, கனபேருக்குத் தெரியாது."

ஒரு கிழமைக்குப் பிறகு கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருக்கிற பெரிய கடை ஒன்றுக்குத் தனியாகப் போய் ஒரு கத்தி வாங்கிவந்தார். நகைப்பெட்டி மாதிரிக் கறுப்புப் பெட்டி, உள்ளே வெல்வெட் துணி. கத்தி முழங்கை நீளம் இருந்தது. தகட்டில் தண்ணீர் அலை போல வரிகள். அழகான சாமான்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் குசினியில் மரக்கறி வெட்டுகிற பலகையில் அதைக் குறுக்காக வைத்தால் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உடனே பெரிய பலகை ஒன்றும் வாங்கிவந்தார். அந்தப் பலகை வைக்க இடம் வேண்டும் என்று என் அம்மியை பல்கனிக்கு மாற்றினார்.

பிறகு வந்தவை விதிகள். தேசிக்காய் வெட்டக் கூடாது, புளி பட்டால் கறை பிடிக்கும். ஈரமாக வைக்கக் கூடாது. மற்றச் சாமான்களோடு சேர்த்துக் கழுவக் கூடாது. எலும்பில் படக் கூடாது. எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால் ரெயில் பாதைக்கு அப்பால் கடல். அந்த உப்புக் காற்றில் யன்னல் கம்பியே பொரிந்து கொட்டும். கத்தி விடுமா? இரண்டாவது கிழமையே தகட்டில் செம்மஞ்சள் புள்ளிகள் விழுந்துவிட்டன. அன்று முழுவதும் அவர் கத்திக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். மத்தியானம் கடைப் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

வெட்டப் பழகினார் என்பதையும் சொல்ல வேண்டும். வல்லாரைச் சம்பலுக்கு இலை அரிந்தபோது முதல் நாள் மாட்டுக்குப் புல் வெட்டின மாதிரி இருந்தது. போகப்போகக் கொஞ்சம் மெல்லிதாக வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கத்தியைக் காட்டினார். அவர்களும் என் கையைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, கத்தியைப் பார்த்து இருபது வார்த்தை சொன்னார்கள். மேல்மாடியில் இருப்பவர், "உங்கட மனுசி குடுத்து வச்சவா. கை சுகமானதும் இதால வெட்டேக்க தெரியும்" என்றார். நானும் ஒருவேளை அப்படித்தானோ என்று நினைத்தேன்.

பிளாஸ்ரர் வெட்டி எடுத்த பிறகு கை ஒரு குச்சி மாதிரி இருந்தது. மணிக்கட்டைத் திருப்பினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி வலி. பாரம் தூக்க வேண்டாம், சின்னச் சின்ன வேலைகளாகச் செய்து பழகுங்கள் என்று கைப்பயிற்சி சொல்லித்தந்த பெண் சொன்னார். எனக்கு வேறு எந்த வேலையும் நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெங்காயம் வெட்டத்தான் ஆசைப்பட்டேன்.

பெரிய கத்தியை எடுத்தேன். தூக்கும்போதே நுனி கீழே இழுத்தது. பாரம் முழுவதும் முன்பக்கம். பிடியோ என் விரல்கள் சுற்றி வராத பருமன். பிடித்துக்கொண்டு இரண்டு வெட்டு வெட்டினேன். மூன்றாவதில் மணிக்கட்டுக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. கத்தி கையிலிருந்து விழுந்து பலகையில் அடித்துச் சத்தம் போட்டது.

அவர் ஓடிவந்தார். முதலில் கத்தியின் நுனியைப் பார்த்தார்.

"நீர் பிடிக்கிற விதம் பிழை. பெருவிரலும் சுட்டுவிரலும் தகட்டில இருக்க வேணும். இப்பிடி" என்று பிடித்துக் காட்டினார். அவருடைய கையில் அது சுகமாகத்தான் இருந்தது. அவருடைய கைக்குத்தான் அது வாங்கப்பட்டது.

"எனக்கு இது பாரமாக் கிடக்கு. சின்னதா ஒண்டு வேணும்."

"இவ்வளவு நல்ல கத்தி இருக்கேக்க இன்னொண்டு ஏன்? கை பழகீடும். கொஞ்சம் பொறும்."

எத்தனை வருடம் பொறுத்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது.  உருகிப்போன பிடியுள்ள பழைய கத்தியைத் தேடினேன். அதை அவர் குப்பைக்காரரிடம் கொடுத்திருந்தார்.

அடுத்த நாள் நான் தனியாகப் பெருந்தெருவான காலி வீதியில் இருக்கிற சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்கக் கத்திகள் தொங்கின. எல்லாம் கெட்டியான பிளாஸ்ரிக்குக்குள் அடைத்து ஒட்டியவை. கண்ணாடிக்குள் இருக்கிற மீனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், பிரித்துத் தர முடியுமா என்று வேலை செய்கிற பெண்ணிடம் சிங்களத்தில் கேட்டேன்.

"அரின்ன பே, மிஸ்" என்றாள். பிரிக்க முடியாதாம். வாங்கின பிறகு பிரிக்கலாமாம். பிரித்த பிறகு திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். கண்ணாடியை மாட்டிப் பார்த்து வாங்குகிறோம். தினமும் மூன்று வேளை கையில் பிடிக்கிற சாமானை மட்டும் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்றால் என்ன நியாயம்? இதை அவளிடம் சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் என்ன செய்வாள். உள்ளதில் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அந்த பிளாஸ்ரிக்கைப் பிரிக்கவே ஒரு கத்தி தேவைப்பட்டது. அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

கத்தி சின்னதுதான். ஆனால் தகடு ஒடுக்கம். வெட்டும்போது தகடு பலகையைத் தொட முதலே மடக்கின என் விரல் மொளிகள் பலகையில் இடித்தன. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு இடி. வெங்காயச்சாறு பட்டதும் பிடி வழுக்கியது. மூன்று நாள் வைத்திருந்து பார்த்தேன். மொளி சிவந்து தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"நான் சொன்னனான்தானே" என்றார் அவர். அவர் சொன்னது வேறு விசயம். அதை எடுத்துச் சொல்லவும் எனக்கு அலுப்பாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கைக்கு ரெலிபோன் எடுத்தேன். சிரித்தாள்.

"அக்கா, கத்தி கத்திதானே? ஒரு கத்திக்கு இவ்வளவு கதையா?"

"உன்ர வீட்டில ஆர் வெட்டுறது?"

"வேலைக்கு வாற அக்கா."

"அப்ப வாயை மூடிக்கொண்டு என்னோட பெட்டாவுக்கு வா."

பெட்டா என்கிற புறக்கோட்டையில் ஹோட்டல்களுக்குச் சட்டி, அகப்பை, தட்டு என்று மொத்தமாகக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. அங்கே சாமான் பெட்டியில் அடைபட்டு இருக்காது, கையில் எடுக்கலாம் என்று கீழ்மாடியில் இருக்கும் பெண் சொல்லியிருந்தார். நான் ஒரு துணிப்பையில் பம்பாய் வெங்காயம் ஒன்றும் தக்காளி ஒன்றும் வைத்தேன். பழைய சின்னப் பலகையையும் வைத்துக்கொண்டேன். கணவர் "நானும் வரட்டே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரியும். பையில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

தங்கையை ஏற்றிக்கொண்டு முச்சக்கரவண்டியில் போய் இறங்கினோம். பாரம் தூக்குகிறவர்கள் மூட்டைகளோடு "ஓரம் ஓரம்" என்று கத்திக்கொண்டு போனார்கள். முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைகடையாக ஏறினேன். முதல் கடையில் இறைச்சி வெட்டுகிற பெரிய கத்திகள் மட்டும். இரண்டாவது கடையில் நான் கேட்கக் கேட்க விற்பனையாளர் தங்கையைப் பார்த்தே பதில் சொன்னார். மூன்றாவது கடையில்தான் நான் தேடினது இருந்தது. கண்ணாடி மேசைக்குள் பத்துப் பதினைந்து கத்திகள், எந்த உறையும் இல்லாமல்.

"வீட்டுக்குத்தானே மெடம்? வீட்டுக்கு இது போதும்" என்று அங்கிருந்தவர் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று நிறம் பூசின ஆறு கத்திகள் உள்ள பெட்டியை எடுத்து வைத்தார்.

"எனக்கு ஆறு வேண்டாம். ஒண்டு வேணும். அந்தக் கறுப்புப் பிடி உள்ளதை எடுங்கோ."

எடுத்துத் தந்தார்.

பெருவிரலையும் சுட்டுவிரலையும் தகட்டில் வைத்துப் பிடித்தேன். கணவர் காட்டினபடியேதான். அதில் அவர் சொன்னது சரி. பாரம் முன்னுக்கும் இழுக்கவில்லை, பின்னுக்கும் சாயவில்லை. தகட்டின் மேல்விளிம்பு விரலைக் கடிக்கவில்லை. நீளம் என் சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நான் பையிலிருந்து பலகையை எடுத்துக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தேன். பிறகு வெங்காயத்தை எடுத்தேன்.

"அக்கா!" என்று தங்கை என் சேலையை இழுத்தாள். "என்ன செய்யிறீங்கள்? ஆக்கள் பாக்கினம்."

"மெடம், இங்க வெட்ட ஏலாது" என்றார் கடைக்காரர். "வெட்டினா அது பாவிச்ச சாமான். நான் யாருக்கு விக்கிறது?"

"வெட்டாமல் எனக்கு எப்பிடித் தெரியும் வெட்டுமோ எண்டு?"

"நல்ல சாமான் மெடம். ஹோட்டல் எல்லாத்துக்கும் குடுக்கிறது."

"ஹோட்டல் கையில்லை இது. முறிஞ்ச கை." நான் சேலைத் தலைப்பை விலக்கி மணிக்கட்டைக் காட்டினேன். என் குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. "வீட்டில ஒரு கத்தி வேற ஆளின்ர கைக்கு வாங்கினது. இன்னொண்டு பிடிச்சுப் பாக்க விடாமல் வித்தது. இதையும் கொண்டுபோய் வச்சுக்கொண்டு நான் அழ வேணுமோ?"

 பக்கத்தில் அகப்பை பார்த்துக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஒருவர் என் கையையும் வெங்காயத்தையும் பார்த்தார். நான் பேசின தமிழ் அவருக்கு விளங்கியிராது. ஆனால் விசயம் விளங்கிவிட்டது. "அல்லல பலன்ன ஓன நே, மாத்தயா" என்றார் கடைக்காரரிடம். பிடித்துப் பார்க்கத்தானே வேண்டும் ஐயா, என்று. அந்தப் பெண் களனியில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவராம், அகப்பைகளை மொத்தமாக எடுக்க வந்தவராம். அவரைக் கோபப்படுத்தக் கடைக்காரர் விரும்பவில்லை. "சரி மெடம், ஒரு வெட்டு" என்றார்.

ஒரு வெட்டில் நிற்குமா? வெங்காயத்தை இரண்டாகப் பிளந்தேன், கவிழ்த்து வைத்து நீளத்துக்குக் கீறினேன், குறுக்கே அரிந்தேன். மொளி இடிக்கவில்லை. மணிக்கட்டு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தாங்கக்கூடிய வலி. பிறகு தக்காளி. கத்தியை அழுத்தாமல் தோலின் மேல் வைத்து இழுத்தேன், இறங்கிப் போனது. களனிப் பெண் தானும் ஒரு துண்டு அரிந்து பார்த்துத் தலையாட்டினார். தங்கைக்கும் கடைக்காரருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கும்தான். என்னுடையது வெங்காயத்தால் மட்டும் வந்ததில்லை.

துருப்பிடிக்காத உருக்கா என்று கடைசியாகக் கேட்டேன். "கடலுக்குள்ள போட்டாலும் ஒண்டும் ஆகாது" என்றார் கடைக்காரர், மேசையில் சிந்தின வெங்காயத்தைத் துடைத்துக்கொண்டு.

வீட்டில் அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாதாரண உருக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்த சில நாட்கள் நான் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி வெட்டினேன். கரட், போஞ்சி, லீக்ஸ், முருங்கை இலை. ஒரு கறிக்கு வெட்டி முடிக்க முன்னரைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. ஆனாலும் அது என் வேலை, என் கையால் நடந்தது. பிறகு ஒரு நாள் பார்த்தேன், அவரும் அந்தக் கத்தியால்தான் வெட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் பூசத் தேவையில்லை, துடைக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது, கைக்குச் சுகம். வெட்டின மரக்கறியைக் கூரான பக்கத்தால் பலகையில் சுரண்டிச் சட்டிக்குள் தள்ளுவார். கழுவும் தொட்டிக்குள் தட்டுகளுக்கு அடியில் போட்டு வைப்பார். விதிகள் எல்லாம் அவருடைய கத்திக்கு மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். அவர் குசினி வாசலில் நின்றார். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ என்று தெரிந்தது.

"நீர் வர முதல் மீனை வெட்டி வைப்பம் எண்டு பாத்தனான். பிறீசரில இருந்த அறக்குளா. கல்லு மாதிரிக் கிடந்தது."

என் கத்தி மேசையில் இருந்தது. விளிம்பில் அரிசி மணி அளவு ஒரு துண்டு பறந்திருந்தது.

"உங்கட பெரிய கத்தி எங்க?" என்று கேட்டேன்.

"அதால வெட்டினா அது பழுதாப்போயிடும் எல்லே."

அவர் அதை எந்தக் கள்ளமும் இல்லாமல் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"அப்ப என்ரது பழுதாப்போனாப் பரவாயில்லை?" என் சத்தம் கீழ்மாடிக்குக் கேட்டிருக்கும். "எத்தனை வருசமா உங்களிட்ட நல்ல கத்தி ஒண்டு கேட்டனான்? வெட்டுதுதானே எண்டு சொன்னியள். உங்கட கை நொந்த உடன உலகத்துக் கத்தி எல்லாத்தையும் தேடினியள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உமக்கு என்ன மாதிரி வேணும் எண்டு என்னைக் கேட்டியளா?"

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"நீர் கத்தி கேட்டனீரா? எப்ப?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் நடிக்கவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். நான் கேட்டது ஒன்றுகூட அவர் காதில் நிற்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். கேட்கவே இல்லை என்றால் யாரோடு சண்டை பிடிப்பது? கோயிலுக்குக் கட்டின சேலையோடு அப்படியே இருந்தேன். மீன் மேசையில் உருகி, தண்ணீர் நிலத்தில் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் அவர் துணி எடுத்துத் துடைத்தார். 

மறுநாள் சொல்லாமல் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். இரத்மலானையில் தையல் தொழிற்சாலைகளுக்கு வெட்டுத் தகடுகள் தீட்டிக் கொடுக்கிற பட்டறை ஒன்று இருக்கிறதாம். பின்னேரம் கொண்டுவந்து தந்தார். பறந்த இடத்தைச் சமப்படுத்த முழு விளிம்பையும் அரைத்திருந்தார்கள். தகடு கொஞ்சம் ஒடுங்கிவிட்டது. வெட்டும், நன்றாகவே வெட்டும். ஆனால் சில நேரம், அவசரத்தில் அரியும்போது, சுண்டுவிரல் மொளி பலகையில் மெல்லத் தட்டும். தட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோபம் வரும்.

அவர் அதற்குப் பிறகு என் கத்தியைத் தொடுவதில்லை. அது மட்டுமில்லை, இப்போது எல்லாவற்றையும் கேட்கிறார். நேற்றும் நான் ரீவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது குசினியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சரும், பீற்றூட்டை வட்டமா வெட்டுறதோ, நீட்டா வெட்டுறதோ?"

"எப்பிடியும் வெட்டுங்கோ."

"தோலைச் சீவிப்போட்டோ, அவிச்சுப்போட்டோ?"

"சீவிப்போட்டு."

"எந்தக் கத்தியால?"

"உங்கட கத்தியால!"

"பீற்றூட் சாயம் அதில பிடிக்குமோ?"

"ஐயோ, உங்களுக்கு விருப்பமான மாதிரி வெட்டுங்கோவன்!"

"இல்லை, நீர் சொல்லும். பிறகு நான் கேக்கேல்லை எண்டு சொல்லுவீர்."

ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழும்பிக் குசினிக்குப் போனேன்.